நாணயத்தின் நாணயம்

நம் மொழியில் ‘நாணயம்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயமே. சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயமே. நம் முன்னோர் இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்கியது பொருத்தமானதே. காசு என்பது ஒரு வாக்குறுதி. இன்று உழைத்து ஈட்டியதை நாளை உணவாகவும் உடையாகவும் மாற்றிக்கொள்ளலாம் என்று சமுதாயம் உழைப்பவனுக்குத் தரும் உறுதிமொழி அது. அவ்வுறுதி மெல்ல மெல்லத் தேய்வதையே பணவீக்கம் என்கிறோம்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் எனத் தென்சென்னைப் புறநகர்ப் பங்குகளில் மக்களோடு உரையாடுகையில், அண்மைக் காலமாக ஒரு வினா அடிக்கடி நம் செவியில் விழுகிறது. “வங்கியில் போட்ட பணம் வருடா வருடம் தேய்கிறதே, சாமி. கிரிப்டோ நாணயத்தில் போட்டால் தேயாதாமே, உண்மைதானா?” வினவுவோர் கணினித் துறை இளைஞர் மட்டும் அல்லர், பணி ஓய்வுபெற்ற பெற்றோரும் வினவுகின்றனர். எதில் முதலிடுவது என்று அறிவுரை கூறுவது நம் பணியன்று. ஆனால் பணம் ஏன் தேய்கிறது, தேய்வதால் இழப்பவர் யார், தேயாத பணம் என ஒன்று எப்போதேனும் இருந்ததா என்பன வரலாற்று வினாக்கள். அவ்வரலாற்றின் ஒரு முனை நம் மயிலாப்பூரைத் தொட்டுச் செல்கிறது.

ஓர் ஆண்டு, ஈரிடங்கள்

1545ஆம் ஆண்டு புனித பிரான்சிஸ் சவேரியார் மயிலாப்பூருக்கு வந்து, திருத்தூதர் தோமாவின் கல்லறைக்கருகே ஏறத்தாழ நான்கு மாதங்கள் தங்கியிருந்தார். இங்கிருந்துதான் அவர் மலாக்காவுக்குப் பயணமானார். அதே ஆண்டில், உலகின் மறுகோடியில், இன்றைய பொலிவியா நாட்டிலுள்ள பொத்தோசி மலையில் ஸ்பானியர் பெரும் வெள்ளிச் சுரங்கத்தைக் கண்டனர். அம்மண்ணின் பூர்வகுடி மக்களைக் கட்டாய உழைப்பில் ஆழ்த்தி வெட்டியெடுக்கப்பட்ட வெள்ளி, கப்பல் கப்பலாக ஸ்பெயினில் வந்து இறங்கியது.

வெள்ளி பெருகியதால் நாடு செல்வம் கொழிக்கும் என்றே அரசர் எண்ணினார். நேர்ந்ததோ வேறு. கோதுமையின் விலை ஏறியது. துணியின் விலை ஏறியது. ஒரு நூற்றாண்டுக் காலத்தில் விலைகள் மூன்று நான்கு மடங்காயின. இதன் காரணத்தை முதலில் தெளிவாக எழுதியவர்களுள் ஒருவர் ஒரு குரு. சவேரியாருடைய தாய்வழி உறவினரும் சலமான்கா பல்கலைக்கழகப் பேராசிரியருமான மார்ட்டின் தெ அஸ்பில்குவேத்தா என்பவரே அவர். 1556இல் வெளிவந்த நூலில் அவர் கூறிய கருத்து எளிமையானது: பணம் அரிதாயிருக்கும் இடத்தில் அது மிகுதியான பொருளையும் உழைப்பையும் வாங்கும், பெருகியிருக்கும் இடத்தில் குறைவாகவே வாங்கும். எந்தப் பண்டத்தையும்போலப் பணமும் பெருகினால் மலிவாகும் என்பதே இதன் சாரம்.

இங்கு நாம் குறித்துக்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. பணவீக்கம் காகிதப் பணத்தோடு பிறந்ததன்று. தூய வெள்ளியே பணமாயிருந்த காலத்திலும் அது இருந்தது. மண்ணுக்குள் எவ்வளவு வெள்ளி உள்ளது என்பதை எந்த மனிதரும் வரையறுக்க முடியாது என்பதே அதற்குக் காரணம். அவ்வெள்ளியில் ஒரு பகுதி ஸ்பானிய நாணயங்களாகச் சோழமண்டலக் கரைக்கும் வந்து, நம் நெசவாளர் நெய்த துணிகளுக்கு விலையாயிற்று.

வராகன், பணம், காசு

சென்னையின் தங்கசாலைத் தெரு, கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச்சாலையை இன்றும் பெயரளவில் நினைவூட்டுகிறது. அந்நாளில் இங்கே மூவகை நாணயம் புழங்கியது. பொன்னாலானது வராகன், வெள்ளியாலானது பணம், செம்பாலானது காசு. கணக்கின்படி 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். இன்று நாம் பொதுச்சொல்லாக வழங்கும் ‘பணம்’ என்பது ஒரு காலத்தில் ஒரு சிறு நாணயத்தின் பெயர் என்பதை இங்கு நினைவுகொள்வோம்.

ஏட்டில் 42 என்று எழுதியிருந்தாலும் கடைத்தெருவில் அந்த மாற்று நிலையாக இருந்ததில்லை. சராப்புகள் என்னும் நாணய மாற்றுக்காரர் சொன்னதே அன்றைய மாற்று. வணிகரும் உயர் அதிகாரியரும் வராகனில் கணக்கு வைத்திருந்தனர். கூலியாளும் கீரை விற்பவளும் பணத்திலும் காசிலும் வாழ்ந்தனர். சிறு நாணயம் மதிப்பிழந்தபோது இழப்பு பின்னவர்களையே சென்றடைந்தது. 1818இல் கம்பெனி வராகனை விலக்கி வெள்ளி ரூபாயை நிலைநிறுத்தியது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்பது மாற்று. பரங்கிமலைப் பீரங்கிப் படைவீரரும் மயிலாப்பூர் வணிகரும் இனி ஒரே நாணயத்தில் கணக்கிட்டனர். நாணயம் ஒன்றானது, அதன் மதிப்பு நிலைத்துவிடவில்லை.

வெள்ளி வடிந்த ரூபாய்

நாணயத்தின் மதிப்பைக் குறைக்கச் சுரங்கம் ஒன்றே வழியன்று, அரசும் குறைக்கலாம். பதினான்காம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு நிக்கோல் ஒரேம், பின்னாளில் லிசியே மறைமாவட்ட ஆயரானவர், நாணயம் பற்றித் தனி நூலே எழுதினார். நாணயத்தில் அரசனின் முத்திரை பதிந்திருப்பினும் அது அரசனின் சொத்தன்று. அதைப் பயன்படுத்தும் மக்கள் சமுதாயத்தின் சொத்து என்பது அவருடைய வாதம். 1609இல் இயேசு சபைக் குருவான ஹுவான் தெ மரியானா, ஸ்பெயின் மன்னர் மூன்றாம் பிலிப்பு செப்பு நாணயத்தின் தரத்தைக் குறைத்ததைக் கண்டித்து எழுதினார். மக்களின் இசைவின்றி நாணயத்தின் தரத்தைக் குறைப்பது அவர்களிடமிருந்து மறைமுகமாக வரி பறிப்பதே என்றார். அதற்காகக் காவலிலும் வைக்கப்பட்டார்.

நம் ரூபாயின் கதையும் இதற்கு விலக்கன்று. 1835ஆம் ஆண்டுச் சட்டப்படி ரூபாயின் எடை ஏறத்தாழ 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. முதல் உலகப் போரில் வெள்ளியின் விலை உயர்ந்தபோது, 1917இல் ஒரு ரூபாய்த் தாள் வந்தது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1940இல், ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947இல் நிக்கல் ரூபாய் வந்தபோது வெள்ளி முற்றிலும் மறைந்தது. நூறாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், பெயர் மாறாமலே ரூபாய் உள்ளீடற்றதாயிற்று.

உள்ளீடு போனபின் எஞ்சியது வாக்குறுதி ஒன்றே. நூறு ரூபாய்த் தாளில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையொப்பத்தோடு ஓர் உறுதிமொழி அச்சிடப்பட்டிருப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். நூறு ரூபாய் தருவதாக அது உறுதி கூறுகிறது. அந்த நூறு ரூபாய் எத்தனை படி அரிசி வாங்கும் என்பதைப்பற்றி அது ஒன்றும் கூறுவதில்லை.

ஏறுவது விலை, இறங்குவது யார்?

தாள் பணம் தீமையென்று இதனால் முடிவு கட்டிவிடக் கூடாது. வளரும் நாட்டில் வணிகமும் உழைப்பும் பெருகும்போது பணமும் பெருகத்தான் வேண்டும். மேலும் விலையேற்றத்துக்கு அச்சடித்த தாள் மட்டுமே காரணம் அன்று. மழை பொய்த்தாலும், போர் மூண்டாலும், கடல் கடந்து வரும் எண்ணெயின் விலை உயர்ந்தாலும் அரிசிக்கடையில் அது தெரிந்துவிடும். 1973இல் எண்ணெய் விலை உயர்ந்ததை அடுத்து, 1974இல் நம் நாட்டின் விலையேற்றம் 25 விழுக்காட்டைத் தாண்டியது. 1991இல் அன்னியச் செலாவணி வற்றி, ஏறத்தாழ 47 டன் தங்கம் வெளிநாட்டுக்கு ஈடாக அனுப்பப்பட்ட ஆண்டிலும் விலைகள் கடுமையாக ஏறின. வாக்குறுதி முற்றிலும் குலைந்தால் என்ன நேரும் என்பதை அண்டையிலுள்ள இலங்கை காட்டிற்று. 2022 செப்டம்பரில் கொழும்பு நகரின் விலைவாசி, முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 70 விழுக்காடு உயர்ந்திருந்தது.

இத்தகைய கொந்தளிப்புகளைவிட, ஓசையின்றி நிகழும் தேய்வே நம்மை நெடுங்காலம் வாட்டுவது. ஆண்டுக்கு 6 விழுக்காடு விலை ஏறினால் பன்னிரண்டு ஆண்டில் விலைவாசி இரட்டிப்பாகும். கையிலுள்ள தொகையின் ஆற்றல் பாதியாகும். சென்னையில் பத்து மாத வாடகையை ‘அட்வான்ஸ்’ என வாங்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது நமக்குத் தெரியும். பன்னிரண்டு ஆண்டு குடியிருந்த ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்கையில், கொடுத்த ஒரு லட்சத்தை ஒரு ரூபாய் குறையாமல் திரும்பப் பெறுகிறது. எண்ணில் குறைவில்லை, பொருளில் பாதி போயிற்று. இதில் யாரும் திருடவில்லை. ஆயினும் ஒருவர் இழந்தார், ஒருவர் பெற்றார்.

இதன் மறுபக்கமும் உண்டு. மின்சார ரயில் 1931இல் தாம்பரத்தை எட்டிய பின்னர், ரயில் பாதையின் இருமருங்கிலும் குடியிருப்புகள் படிப்படியாகப் பெருகின. அவ்வீடுகளுள் எத்தனையோ கடனில் எழுந்தவை. மாறா வட்டிக்குக் கடன் வாங்கியவருக்குப் பணவீக்கம் உதவியே செய்தது. சம்பளம் ஏற ஏற, மாதத் தவணை சிறுத்துக்கொண்டே வந்தது. ஆகவே பணவீக்கம் எல்லாரையும் ஒரே நிறையில் அழுத்துவதில்லை. கடன் வாங்க வல்லவரையும் நிலம் உடையவரையும் அது தூக்கிவிடுகிறது. மாறாத தொகையை நம்பி வாழ்பவரை அது அமிழ்த்துகிறது.

அகவிலைப்படி

இவ்வநீதிக்கு நம் நாடு ஒரு மாற்றையும் கண்டது. இரண்டாம் உலகப் போரின்போது, குறைந்த சம்பளம் பெற்ற அரசு ஊழியருக்கு உணவு விலையேற்றத்தை ஈடுசெய்யத் தனிப்படி ஒன்று வழங்கினர். அதுவே வளர்ந்து ‘அகவிலைப்படி’ ஆயிற்று. அகவிலை என்பது பழந்தமிழில் தானிய விலையைக் குறிக்கும் சொல். நெல்லின் விலை ஏறினால் உழைப்பவனின் படியும் ஏறவேண்டும் என்னும் நீதி அச்சொல்லிலேயே பொதிந்துள்ளது. தேய்ந்துபோகும் வாக்குறுதியைக் குறித்த காலத்தில் புதுப்பிப்பதே அகவிலைப்படி.

ஆனால் அப்படி அனைவருக்கும் இல்லை. தனியார் ஆலைகளில் உழைத்து ஓய்வுபெற்ற தொழிலாளரை எண்ணிப் பார்ப்போம். 1995இல் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், குறைந்த அளவு ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என 2014 செப்டம்பரில் வரையறுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் கடந்த பின்னும் அத்தொகை மாறாதிருந்தது. விலையேற்றம் ஆண்டுக்கு 5 விழுக்காடு என்று கொண்டால், பத்தாம் ஆண்டில் அந்த ஆயிரம், தொடக்க நாளின் 614 ரூபாய் வாங்கியதையே வாங்கும். எந்த அதிகாரியும் குறைக்க ஆணையிடவில்லை, காலமே குறைத்துவிட்டது. வீட்டு வேலை செய்யும் பெண்கள், கடைச் சிப்பந்திகள், கூலிக்குக் கட்டடம் கட்டுவோர் ஆகியோருக்கு இத்தகைய ஓய்வூதியமும் பெரும்பாலும் இல்லை.

யாரும் வாக்களிக்காத நாணயம்

இப்பின்னணியில்தான் கிரிப்டோ நாணயத்தின் கவர்ச்சியை நாம் புரிந்துகொள்ள வேண்டும். 2008இல் உலக வங்கித் துறை நிலைகுலைந்த வேளையில், சத்தோஷி நக்கமோத்தோ என்னும் புனைபெயரில் ஒருவரோ ஒரு குழுவினரோ ஒரு திட்டத்தை வெளியிட்டனர். 2009 ஜனவரி 3 அன்று பிட்காயின் பிறந்தது. எந்த அரசும் வங்கியும் அதன் பொறுப்பாளர் அல்ல. உலகெங்குமுள்ள கணினிகள் ஒரே பேரேட்டின் படிகளை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. மொத்த நாணயம் 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டாது என்பது அதன் விதி. புதிதாய்ப் பிறக்கும் அளவும் ஏறத்தாழ நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். தொடக்கத்தில் ஒவ்வொரு கணக்குக் கட்டுக்கும் 50 ஆக இருந்தது, 2024 ஏப்ரலில் 3.125 ஆயிற்று.

மரியானா கண்டித்த மன்னனின் கையும் அங்கே இல்லை. எதிர்பாராத பொத்தோசி மலையும் அங்கே இல்லை. இவ்வகையில் அது நானூறு ஆண்டுக் குறைபாட்டுக்கு ஒரு கூர்மையான மறுமொழியே. அதை ஏளனம் செய்வது அறிவுடைமையாகாது. தொடக்கத்தில் வாங்கி நெடுநாள் வைத்திருந்தோர் பேராதாயம் அடைந்ததும் உண்மையே.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எத்தனை நாணயம் இருக்கும் என்பதையே அவ்விதி கட்டுப்படுத்துகிறது. ஒரு நாணயம் எவ்வளவு அரிசி வாங்கும் என்பதை அது கட்டுப்படுத்துவதில்லை. 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் ஏறத்தாழ 69,000 டாலர். ஓராண்டு கழித்து, 2022 நவம்பரில், 16,000 டாலருக்கும் கீழே இறங்கியது. பத்துப் படி அரிசிக்கென அதில் சேமித்தவருக்கு இரண்டரைப் படிகூடத் தேறவில்லை. அந்த 2022தான் பணவீக்கம் உலகை உலுக்கிய ஆண்டு. அமெரிக்காவில் அவ்வாண்டு ஜூனில் விலையேற்றம் 9.1 விழுக்காடு, இந்தியாவில் ஏப்ரலில் 7.79 விழுக்காடு. மழைக்கென வாங்கிய குடை, மழை கொட்டிய நாளில் விரியவில்லை. மேலும், பிட்காயினின் அளவுக்கு எல்லையுண்டு; அதைப்போன்ற வேறு நாணயங்களைப் படைப்போருக்கு எல்லையில்லை. அத்தகைய நாணயங்கள் ஆயிரக்கணக்கில் தோன்றிவிட்டன. 2022 மே மாதத்தில் டெர்ரா என்பது சில நாட்களிலேயே சரிந்து மறைந்தது.

நம் நாட்டுச் சட்டமும் இதை ஒரு நாணயமாக ஏற்கவில்லை. 2018இல் ரிசர்வ் வங்கி, வங்கிகள் கிரிப்டோ வணிகத்துக்குத் துணைநிற்பதைத் தடுத்தது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2022 ஏப்ரல் முதல் அதன் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ நாணயம் சட்டத்தின் பார்வையில் ஓர் உடைமையே என்று தீர்ப்பளித்தது. அந்தச் சொல்லே நமக்கு வழிகாட்டுகிறது. அது நிலம்போல, பொன்போல ஓர் உடைமை; விலை ஏறலாம், இறங்கலாம். கூலியை அளக்கும் படியாக அது இன்னும் ஆகவில்லை. 2022 டிசம்பரில் ரிசர்வ் வங்கி பொதுமக்களுக்கெனச் சோதனை முறையில் வெளியிட்ட மின்ரூபாயை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வேறு உருவில் வரும் அதே ரூபாய்; தேய்வும் அதே தேய்வு.

நம்பிக்கை தேவையில்லையா?

மனிதரை நம்பத் தேவையில்லை, கணக்கை நம்பினால் போதும் என்பது கிரிப்டோ நாணயத்தாரின் பெருமொழி. நடைமுறையிலோ, சாதாரண மக்கள் தம் கிரிப்டோ நாணயத்தை ஏதோ ஒரு மாற்றகத்திடம் ஒப்படைத்தே வைத்திருக்கின்றனர். 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். என்னும் பெரும் மாற்றகம் வாடிக்கையாளர் பணத்தைத் தவறாகப் பயன்படுத்தி வீழ்ந்தது. 2024 ஜூலையில் இந்திய மாற்றகமான வசீர்எக்சிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயம் களவாடப்பட்டது.

சென்னைக்கு இக்கதை புதிதன்று. 1906 அக்டோபர் 22 அன்று அர்பத்நாட் நிறுவனம் முறிந்தபோது, அதன் பெயரையே பாதுகாப்பாக எண்ணிச் சேமிப்பை ஒப்படைத்திருந்த குடும்பங்கள் தெருவில் நின்றன. அதன் தலைவர் சிறை சென்றார். இதைக் கண்ட சென்னையார் வங்கிகளே வேண்டாம் என்று ஒதுங்கிவிடவில்லை. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயன்று, 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினர். நம்பிக்கை குலைந்த இடத்தில், மேலும் பொறுப்புள்ள நம்பிக்கையை அவர்கள் கட்டியெழுப்பினர்.

இனி, அந்த வினாவுக்கு வருவோம். ரூபாய் தேய்வது உண்மை. அதன் வாக்குறுதி மெல்லக் குறைகிறது. கிரிப்டோ நாணயத்திலோ குறைவதற்கு வாக்குறுதியே இல்லை. மிச்சம் உள்ளவர் இரண்டிற்கும் இடையே தேர்ந்துகொள்ளலாம். பொன்னும் நிலமும் வாங்கலாம். பணவீக்கத்தால் மிகவும் நொறுங்குபவரோ மிச்சம் ஏதும் இல்லாதவர். மாதக் கடைசியில் கையில் காசே எஞ்சாத பெண்ணுக்கு எந்த நாணயத்தில் சேமிப்பது என்னும் வினாவே எழுவதில்லை. அவருக்குத் தேவை தேயாத கூலி.

அக்கூலியை நிர்ணயிப்பவர் டெல்லியிலோ மும்பையிலோ மட்டும் இல்லை, நம்மிடையேயும் இருக்கின்றனர். உழைப்பவனின் கூலி அவனுடைய எளிய வாழ்வைத் தாங்கப் போதுமானதாய் இருக்கவேண்டும் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் கற்பித்தார். மூன்று ஆண்டுகளாக மாறாத கூலி, மூன்று முறை குறைக்கப்பட்ட கூலியே. நம் இல்லங்களில் பாத்திரம் துலக்குபவருக்கும், நம் கடைகளில் நிற்பவருக்கும், ஆலயப் பணியாளருக்கும் இது பொருந்தும். வின்சென்ட் தே பவுல் சபையார் முதியோருக்கு மாதந்தோறும் தரும் உதவித் தொகைக்கும் பொருந்தும்.

இதற்கு அரசாணை எதுவும் வேண்டியதில்லை. ஒரு தாளும் எழுதுகோலும் போதும். அத்தொகையை முடிவு செய்த நாளில் அது எத்தனை கிலோ அரிசி வாங்கிற்று, இன்று எத்தனை கிலோ வாங்குகிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை கணக்கிட்டு, குறைந்ததைக் கூட்டிக் கொடுப்போம். அகவிலை என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான்.